ஞானோபதேசத்தில் ஒரு சோடி செருப்பு

‘கிறிஸ்தவ உலகப்பார்வை.’ இந்தச் சொல்லை எங்க சேரியில யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஞாயிறுபள்ளி எடுக்கிற என்னைப் போன்றவர்கள் இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம். இதற்கென்றே பயிற்சி முகாம் போடுகிறார்கள். மூன்று நாள் முகாம், மூன்று வேளையும் சோறு, கிளம்பும்போது கையில் ஒரு பை. நான் போயிருந்த முகாமிலும் (நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், ஒருத்தரைச் சொன்னால் மத்தவங்க தப்பிச்சிக்குவாங்க) அப்படி ஒரு பை கிடைத்தது. ஆசிரியர் கையேடு, வண்ணப் படங்கள், பாட்டுப் புத்தகம், பிள்ளைகளுக்கு ஒட்டுப்படம். அச்சு நல்லா இருந்தது. தவறான உலகப்பார்வைகள் எவை என்று கையேட்டில் ஒரு பாடம். பரிணாமக் கொள்கை, நாத்திகம், சோதிடம், சினிமா, செல்போன், பொருளாசை என்று வரிசை போகிறது. முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை தேடினேன். சாதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

கேட்டேன். பாடம் நடத்தியவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: “தம்பி, அது சமூகப் பிரச்சினை. இது ஆவிக்குரிய பாடம்.”

சாதியைப் பேசாத கிறிஸ்தவ உலகப்பார்வை என்று ஒன்று தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பேசாமல் விட்டால் அது சாதியின் உலகப்பார்வைதான். மேலே ஒரு சிலுவை நட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைத் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு சொல்கிறேன். உலகப்பார்வைகளின் சந்தை இந்த ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் சனம் வந்து 14 கிலோமீட்டர் மலையைச் சுத்துது. ஆசிரமப் புத்தகக் கடைகளில் பல மொழிகளில் தத்துவம் விற்குது. 1902ல் ரமணரிடம் ஒருவர் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்தான் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம். அதைப் படித்துவிட்டு எந்தெந்த தேசத்திலிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள். எங்க ஆளுங்களுக்கு அந்தக் கேள்விக்காகக் குகைக்குள் போய் உட்காருகிற அவசியம் வந்ததே இல்லை. அசலூர் டீக்கடையிலேயே கேட்டுடுவான்: “யாருப்பா நீ? எந்தப் பக்கம்?” இதே மாவட்டத்தில் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் கால் வைத்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. அதுவும் கலெக்டரும் போலீசும் கூட நின்றதால். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு உலகத்தைக் கற்பிக்கிறேன் என்று வருகிற ஒரு புத்தகம் இதைப் பார்க்கவில்லை என்றால், அதை எழுதியவர்கள் எந்த உலகத்தைப் பார்த்தார்கள்?

வேறு உலகத்தைத்தான் பார்த்தார்கள். உலகப்பார்வை என்ற இந்தப் பேச்சுக்கு ஒரு முக்கியமான ஊற்று, நெதர்லாந்துக்காரர் ஆபிரகாம் கைப்பர் 1898ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள். மதம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதல்ல, அரசியல், அறிவியல், கலை எல்லாமே கடவுளின் ஆளுகைக்குள் வருகிறது என்றார் அவர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே டச்சு சீர்திருத்த மரபு தென்னாப்பிரிக்காவில் என்ன செய்தது? 1857ல் அங்கே கூடிய திருச்சபைப் பேரவை, வெள்ளையர்களில் சிலருடைய ‘பலவீனத்தை’ உத்தேசித்து மற்றவர்கள் தனியாக ஆராதனை நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. கூட உட்கார அருவருப்பு அடைகிறவனுக்குப் பலவீனம் என்று பெயர். வெளியே போக வேண்டியவன் மட்டும் பலசாலி. அந்தப் பலவீனம் வளர்ந்து நிறவெறி ஆட்சியாக நின்றபோது அதற்கு வேத ஆதாரம் எழுதிக் கொடுத்ததும் அதே திருச்சபைதான். எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். 1977ல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, நிறவெறியை எதிர்ப்பது அரசியல் கருத்து அல்ல, விசுவாச அறிக்கையே அதில் அடங்கியிருக்கிறது என்றது. கேப் டவுன் பக்கத்திலிருக்கிற பெல்ஹார் என்ற இடத்தின் பெயரால், வெள்ளையரல்லாதவர்களின் திருச்சபை 1982ல் ஒரு புதிய விசுவாச அறிக்கையை எழுதி 1986ல் ஏற்றுக்கொண்டது. விசுவாசப் பிரமாணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக்கூடிய அறிக்கை. நம்முடைய சபைகளின் ஞானோபதேசத்தில் சாதியை மறுதலிக்கும் கேள்வி எத்தனை, பதில் எத்தனை? நான் படித்ததிலும் இல்லை, இப்போது நான் படிப்பிக்கிறதிலும் இல்லை.

இத்தனைக்கும், கற்பிக்கும் புத்தகங்களுக்கு இந்த மண்ணில் பஞ்சமே கிடையாது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமே ஒரு ஞானோபதேசம்தான். 1578ல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். அடுத்த வருஷம் கொச்சியில் ‘கிரிசித்தியாணி வணக்கம்’, இது ஆசிரியனும் மாணவனும் கேட்டுப் பதில் சொல்கிற நடையில். அச்சுக்குப் பணம் போட்டவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சின் பெருமை பேசுகிற பண்டிதர்கள் இந்தப் பணம் மீன் நாறுகிற கையிலிருந்து வந்தது என்பதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள்.

அப்புறம் தரங்கம்பாடி. சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1715க்குள் அச்சாகி முடிந்தது. அந்தப் புத்தகம் யார் கையில் போய் என்ன செய்தது என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் அரசனின் படையில் சேர்வைக்காரனாக ஒருத்தர் இருந்தார். பெயர் இராசநாயக்கன். பறையர். கத்தோலிக்கக் குடும்பம். 1720களின் கடைசியில் அச்சடித்த சுவிசேஷம் அவர் கைக்குக் கிடைக்கிறது. படிக்கிறார். எந்தப் பாதிரியும் வந்து போதிக்கவில்லை, தானே படிக்கிறார். படித்துவிட்டுத் தரங்கம்பாடிக்குத் தொடர்பு வைத்து, பட்டாளத்து வேலையை விட்டு, உபதேசியாராகித் தஞ்சைப் பகுதி முழுக்க சபைகளை உருவாக்குகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பறையர் புத்தகம் படித்துத் தன் உலகத்தைத் தானே மாற்றிக்கொண்ட கதை இது. முடிவு என்ன? உள்ளூர்க்காரர் ஒருவரைக் குருவாக அபிஷேகம் செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது இராசநாயக்கன் பெயரும் அடிபட்டது. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1733ல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவானார். ஆரோனைக் குறை சொல்லவில்லை. அவர் பெயர் ஞாயிறுபள்ளி வினாடிவினாவில் வருது. இராசநாயக்கன் பெயர் ஏன் வரல என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த ஆள் எங்களுக்கு இன்னும் நெருங்கினவர். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். எந்த மதத்துப் பிள்ளையும் படித்திருக்கும். ஆனால் அந்த டேனிஷ் மிஷன் தென்னாற்காட்டுக்கு எதற்காக வந்தது என்று கேளுங்கள், சபைக்காரர்களுக்கே தெரியாது. சாதிச் சண்டையில் வந்தது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன்காரர் லைப்சிக் மிஷனில் வேலை செய்தவர். அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக வழக்கம், அதை மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கட்சி. (இதே கிரவுல்தான் திருக்குறளை 1856ல் ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தவர். குறளைப் படித்தும் அப்படி.) 1850ல் சென்னை மிஷனெரிகள் மாநாடு கூடி, சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தபோது லைப்சிக் மட்டும் ஒதுங்கி நின்றது. ஓக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டார், வெளியேறினார், 1860ல் ஜெர்மன் மொழியில் சாதியைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். பிறகு பட்டாம்பாக்கம் பக்கத்தில் ‘பெத்தானி’ என்று ஒரு இடத்தை உண்டாக்கினார். 1860களில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து கிளம்பினதுதான் திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவி இன்றைக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக நிற்கிறது. பெரும்பாலும் நம்ம சனங்களின் சபை.

ஓக்ஸ் புனிதர் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரப் பாதிரியின் அதிகாரம் அவரிடமும் இருந்திருக்கும். நான் கேட்பது வேறு. சாதி கூடாது என்று முறித்துக்கொண்டு வந்த ஒரு மிஷனின் வாரிசுகள் நாம். அந்தப் பிறப்புச் சான்றிதழை யார் ஒளித்து வைத்தது? ஞாயிறுபள்ளிப் பிள்ளைக்கு மோசேயின் பத்து வாதைகளும் வரிசையாகத் தெரியும், பெத்தானி தெரியாது.

இப்போது செருப்புக்கு வருகிறேன்.

லுத்தர் 1529ல் எழுதிய சின்ன ஞானோபதேசம் லுத்தரன் சபைகளுக்கு அரிச்சுவடி. ஒவ்வொன்றாகச் சொல்லி, இதுக்கு அர்த்தம் என்ன, இதுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொண்டே போகும். பரமண்டல ஜெபத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்கிறோமே, அந்த இடத்துக்கு வரும்போது லுத்தர் ஒரு பட்டியல் போடுகிறார். அப்பம் என்றால் வெறும் அப்பம் இல்லை. சோறு, குடிக்கிறதுக்கு, துணி, செருப்பு, வீடு, வாசல், நிலம், மாடு, பணம், நல்ல அரசாங்கம், நல்ல அண்டை அயலார் எல்லாம் அதில் அடக்கம் என்கிறார். செருப்பு இருக்கிறது. நிலம் இருக்கிறது.

எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம். கோயிலுக்குப் போகிற வழியில் ஊர்த்தெருவைத் தாண்டணும். தெருமுனையில் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கிட்டு, அந்தக் கடைசியில் போட்டுக்கும். கோயிலுக்குள் வந்து பட்டியலில் ‘செருப்பு’ என்று சொல்லும். பல வருஷம் சொல்லியிருக்கு. ஒரு நாள் உபதேசியாரிடம் கேட்டதாம்: “ஏன் சார், செருப்பும் ஆண்டவர் குடுக்கிறதுதான? அப்ப ஊர்த்தெருவுல ஏன் கழட்டச் சொல்றானுங்க?” உபதேசியார் சொன்னாராம்: “அது குளிர் தேசத்துக்காரன் எழுதினது ஆயா. நமக்கு இல்ல.”

எழுத்து தெரியாத கிழவி பாடத்தைச் சரியாகப் படித்தது, படித்த உபதேசியார் அதை மூடிவிட்டார். கற்பிக்கும் வளம், கற்பிக்கும் வளம் என்று வெளிநாட்டு மூட்டையைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புத்தகம் கையிலிருந்தது. கேள்வியும் வாயிலிருந்தது. இரண்டையும் சேர விடாமல் ஒரு ஆள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளுக்குத்தான் நம்ம சபைகளில் சம்பளம்.

நிலத்துக்கும் இதே கதைதான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892ல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த அறிக்கைக்குப் பின்னணியில் சேரிகளைப் பார்த்த மிஷனெரிகளின் நெருக்குதலும் இருந்தது. அந்த நிலம் என்ன ஆனது என்று கேட்டுத்தான் 1994ல் காரணையில் சனங்கள் போராடினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். பெயர்களைப் பாருங்கள். ஒருவர் கிறிஸ்தவப் பெயர், ஒருவர் பெருமாள் பெயர். துப்பாக்கிக்கு ஞானஸ்நானப் பதிவேடு தெரியாது. அப்பத்தின் பட்டியலில் நிலம் இருக்கிறது என்று படித்த எத்தனை சபைகளில் அந்த வாரம் ஜான் தாமஸுக்காக ஜெபித்தார்கள்?

‘கஞ்சிக்கு மதம் மாறினவங்க’ என்று நம்மைக் கேலி பேசுவது பழைய வழக்கம். காவிக்காரர்களும் சொல்கிறார்கள், சில முற்போக்குத் தோழர்களும் சொல்கிறார்கள். திருவண்ணாமலைக்கு வடக்கே சேத்துப்பட்டு இருக்கிறது, பெரிய லூர்து மாதா கோயில். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும் அந்த வட்டாரத்தில் பிரெஞ்சுப் பாதிரி தரஸ் ஆயிரக்கணக்கான சேரி மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆமாம், பசியில்தான் போனார்கள். பண்ணையம் நடத்தினவன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டான், ஒருத்தன் கஞ்சி ஊத்தி உட்காரச் சொன்னான். யார் மனுஷன், யார் மனுஷனில்லை என்று நம்ம பாட்டன்கள் அன்றைக்கு முடிவு செய்தார்கள். அதைவிடத் தெளிவான உலகப்பார்வையை எந்தக் கையேட்டில் படிக்கப் போகிறோம்? பசி கேவலமான காரணம் என்று நினைக்கிறவன் பட்டினி கிடந்து பார்த்ததில்லை.

சோறு என்றதும் இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தது. எல்லாச் சாதியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அன்பின் விருந்து என்று பெயர். வேதவசனம் மணிக்கணக்கில் பிரசங்கித்த உபதேசியார்கள் பலர் அந்த இலைமுன் உட்கார மறுத்து வேலையிழந்தார்கள். வேதமெல்லாம் தலையில் இருக்கிறது, கை சோற்றுக்குப் போக மாட்டேங்குது. நம்ம காலத்தில் இதைத் திரும்பக் கையில் எடுத்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால்தான் தெரியும். 2005ல் காலமானார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதுதான் நற்கருணை என்றார். கோயிலுக்குள் வரக்கூடாது என்றிருந்த பறையைக் கொண்டுவந்தார். இரட்சிப்பு, பரிசுத்தம், ஸ்தோத்திரம் என்று சமஸ்கிருதம் பேசிக்கொண்டிருந்த ஆராதனைக்குள் களையெடுக்கிற பொம்பளைங்க பேச்சைக் கொண்டுவந்து பாட்டாக்கினார். அவருடைய இசையையும் இறையியலையும் பற்றி ஒரு அமெரிக்கப் பேராசிரியை ஆராய்ந்து 2014ல் ஆங்கிலத்தில் புத்தகமே போட்டுவிட்டார். எங்க பையில் பரட்டை அண்ணன் பாட்டு ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்டப்பாட்டு எட்டு இருந்தது, சைகையோடு.

தலித் இறையியல் என்று நம்மவர்கள் உழைக்காமல் இல்லை. 1981ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் பேசியதிலிருந்து தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கருத்தரங்கு, முனைவர் பட்டம், தொகுப்பு நூல். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்திலேயே அடக்கமாகிறது. இறையியல் கல்லூரியில் விடுதலை பேசிய அண்ணன் சபைக்கு வந்ததும் வெள்ளை அங்கிக்குள் போய்விடுகிறார். எங்க பக்கம் போதகரை அய்யர் என்றுதான் கூப்பிடுவது. அவர் வீட்டம்மா அய்யரம்மா. சேரியில் பிறந்து சேரிக்கே போதகராக வந்தவரும் அய்யர். பூணூலை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வந்தது. மடத்துக்குள் இருக்கிற சாதியை உள்ளிருந்து பார்த்து எழுதின புத்தகம். பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. ஒரு ஞாயிறுபள்ளி ஆசிரியர் பயிற்சியிலாவது அதை வாசிக்கச் சொன்னார்களா?

இதையெல்லாம் பேசினால் இரண்டு பக்கமிருந்தும் அடி விழும். சபைக்காரர்கள் சொல்வது: “இப்ப இருக்கிற நிலைமையில இதெல்லாம் வெளியில பேசாதீங்க. எதிரிக்கு ஆயுதம் குடுக்காதீங்க.” திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணத்தைப் பிரித்து வைத்த சுவரை எதிரி கட்டவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகளை 2008 மார்ச்சில் நொறுக்கியவர்கள் அதே மாதா கோயிலில் பூசை பார்த்தவர்கள். கலவரத்தில் போலீஸ் சுட்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். அந்த இரண்டு பேரும் சின்ன வயசில் மறைக்கல்வி படித்திருப்பார்கள். நல்ல சமாரியன் கதையும் அதில் இருந்திருக்கும். சாதி சமாரியனோடு போயிடுச்சி என்று நினைக்கும்படிதானே அந்தக் கதையை நடத்துகிறோம்? 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடமே போப் இரண்டாம் ஜான் பால் சாதி கூடாது என்று பேசினார். ரோமுக்குத் தெரிந்துவிட்டது. இனி யாரிடம் மறைப்பது?

தோழர்கள் சொல்வது வேறு: “அதான் சாதி போகலையே, வெளியே வந்துட வேண்டியதுதானே? பாபாசாகேப் என்ன செஞ்சார்?” பாபாசாகேப் செய்ததைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி அவர் எழுதிவைத்த கட்டுரைகளில் கிறிஸ்தவ மிஷன்களைக் கடுமையாகவே கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை சபை பதில் சொல்லவில்லை. 1956 அக்டோபர் 14ல் நாக்பூரில் அவர் பௌத்தம் ஏற்றபோது வெறுங்கையோடு கூட்டத்தை அனுப்பவில்லை. 22 உறுதிமொழிகளைக் கொடுத்தார். எந்தச் சாமியை இனிக் கும்பிட மாட்டேன் என்று பெயர் சொல்லி மறுக்கிற உறுதிமொழிகள். அடுத்த வருஷம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ வெளியானது. விட்டு வருகிறவனுக்கு எதை விட்டோம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குப் பாடநூல் வேண்டும் என்று புரிந்த ஒரே தலைவர் அவர். நம்ம ஞானஸ்நானத்தில் சாத்தானை மறுதலிக்கச் சொல்கிறார்கள். சாத்தானுக்கு ஊர்த்தெருவில் எத்தனாவது வீடு என்று சொல்லமாட்டேங்கிறார்கள்.

வெளியே போ என்றால் எங்கே போவது? கல்லு சுமந்து கட்டின கோயில், கூலியில் கொடுத்த காணிக்கை, பாட்டன் பூட்டன் புதைந்த கல்லறை. அது எங்களுடையது. அதை அய்யர்களிடமும் கமிட்டிக்காரர்களிடமும் விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. வெளியேறியவர்களை மதிக்கிறேன். உள்ளே நின்று கேட்கிறவர்களை ஏளனம் செய்யாதிருங்கள், போதும்.

நான் சும்மா பேசிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பையை மூலையில் வைத்துவிட்டு வேறு மாதிரி நடத்திப் பார்க்கிறேன். முதல் வாரம் பிள்ளைகளை ஊர்ப்படம் வரையச் சொல்வேன். கோயில் எங்கே, தண்ணித்தொட்டி எங்கே, சுடுகாடு எங்கே, நம்ம கல்லறை எங்கே, பஸ் எங்கே நிற்குது, எங்கே நிற்காமல் போகுது. பத்து வயசுப் பிள்ளை பென்சிலால் கோடு போடும்போதே கேட்கும், “ஏன் சார் ரெண்டு சுடுகாடு?” அதற்கப்புறம்தான் சமாரியப் பெண்ணும் கிணறும். அந்தக் கிணற்றுப் பாடத்தை எங்க பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. தண்ணி கேட்டதும் அந்தப் பொம்பளை ஏன் ஆச்சரியப்பட்டாள் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்புறம் இராசநாயக்கன், பெத்தானி, செருப்பு. பிள்ளைகளை ஆயாமாரிடம் அனுப்பி, கோயிலுக்குப் போகிற வழியில் யார் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். அந்த நோட்டுகளில் இருப்பதுபோல ஒரு வேதவிளக்கம் எந்த அச்சகத்திலும் வராது. இந்த மாதிரிப் பாடத்துக்குச் சபைக் கமிட்டியில் ஆட்சேபணை வந்தது, வரத்தான் செய்யும். நிறுத்தவில்லை.

ஒரு பாடம் மட்டும் என்னால் நடத்த முடியவில்லை. எட்டாம் கட்டளை, பொய்ச்சாட்சி. நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பொண்ணு எழுந்து கேட்டது: “சார், பள்ளிக்கூடத்துல எனக்கு வேற பேரு, வேற மதம். அது பொய்யா?”

1950ஆம் வருஷத்து அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி அந்தப் பிள்ளையின் வாயில் வந்து நிற்கிறது. இந்து என்றால் பட்டியல் சாதி. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் சாதியிலிருந்து விடுபட்டுவிட்டான் என்று சர்க்கார் நம்புகிறது. ஊர்த்தெரு நம்பவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி 2007லேயே அறிக்கை கொடுத்தது. 2022ல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலுக்குப் போகிறவர் வேலைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டு பேரோடு வளருகிறார்கள் என்று எல்லாச் சபைக்கும் தெரியும், எல்லா அய்யருக்கும் தெரியும். படிப்பையும் வேலையையும் விடு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பொய் சொல்லு என்றும் சொல்ல முடியாது. அதனால் அந்த வாரம் வந்தால் அவசரமாக ஒன்பதாம் கட்டளைக்குத் தாவிவிடுகிறார்கள்.

நான் அந்தப் பொண்ணிடம் சொன்னது: “அந்த ஆணையை எழுதினவங்கதான் பொய்ச்சாட்சி சொன்னவங்க, நீ இல்ல.” அது தலையை ஆட்டிட்டு உட்கார்ந்தது. அதற்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இறையியல் படித்தவர்கள், வக்கீலுக்குப் படித்தவர்கள், இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள், அந்தப் பாடத்தை எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதுங்கள். மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம், அந்தப் பொண்ணுக்குப் புரிய வேண்டும். மே மாதம் விடுமுறைப் பள்ளி தொடங்குகிறது, அதற்குள் நகல் எடுக்க வேண்டும்.